தீவுச் சிறையின் காவலர் குடும்பங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நெல்லியாம்பதி மலையிலிருந்தும், கொழிஞ்சாம்பாறைச் சமவெளியிலிருந்தும், மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு ஆகிய ஊர்களிலிருந்தும் வந்து இவ்வவையை நிறைத்திருக்கின்றீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கூடும் இத்தகைய விழாவில் மூவேந்தரின் புகழையும் முத்தமிழின் தொன்மையையும் பேசி மகிழ்வது நம் மரபு. அம்மரபு வாழ்க! எனினும், இம்முறை அரசர் குலத்தை விடுத்து, எப்புலவரும் பாடாத எளிய குடும்பங்களைப் பற்றிப் பேச விழைகின்றோம். அந்தமான் தீவுச் சிறையில் வார்டர்களாக நின்று காவல் புரிந்தவர் யாவர்? அவர்தம் மனைவி மக்கள் என்னாயினர்? அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று எவ்வாறு வாழ்கின்றனர்? இவ்வினாக்களே யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

"தோட்டத்திலும் காலனியிலும் வாழும் நமக்கும் கடல் நடுவே இருந்த சிறைக்கும் என்ன உறவு?" என்று உங்களுட் சிலர் எண்ணலாம். உறவு உண்டு. முதலில் நாம் வாழும் இம்மண்ணின் உறவைச் சொல்வோம். நம் குடும்பங்களின் உறவைப் பின்னர்ச் சொல்வோம்.

1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் திரூரங்காடியில் மூண்ட மாப்பிள்ளைமார் கிளர்ச்சி, மலபாரின் ஏறநாடு, வள்ளுவநாடு தாலுகாக்களில் தீப்போற் பரவியது. அவ்வாண்டு நவம்பர் 19-ஆம் நாள் இரவு, திரூரிலிருந்து காற்றுப் புகாத சரக்குப் பெட்டியொன்றில் கைதிகளை அடைத்து அனுப்பினர். அவ்வண்டி பாலக்காட்டுக் கணவாய் வழியே போத்தனூரை அடைந்தபோது கதவைத் திறந்து பார்த்தால், உள்ளே பிணக்குவியல்! ஏறத்தாழ 70 உயிர்கள் அக்கொடுமைக்குப் பலியாயின. கிளர்ச்சி அடங்கிய பின்னர், தண்டனை பெற்றோருள் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுட் பலர் நாளடைவில் மனைவி மக்களையும் வருவித்துக்கொண்டு, தாம் குடியேறிய இடங்களுக்குத் தம் ஊர்ப் பெயர்களையே சூட்டினர். தென் அந்தமானில் இன்றும் காலிகட், மஞ்சேரி, வண்டூர், திரூர் என்னும் ஊர்கள் உள்ளன. பாலக்காட்டு மாவட்டத்தின் மண்ணார்க்காட்டை நீங்கள் அறிவீர்கள். அப்பெயரும் கடல் கடந்து சென்று அங்கே ஓர் ஊராய் நிற்கின்றது. ஆதலின் அத்தீவு நமக்கு முற்றிலும் அயல் அன்று.

இனி அச்சிறையின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சியை அடக்கிய ஆங்கில அரசு, பிடிபட்டோரை எங்கே வைப்பது என்று திகைத்தது. வங்கக் கடலின் நடுவே காடடர்ந்து கிடந்த அந்தமான் தீவுகள் அதன் கண்ணிற்பட்டன. 1858 மார்ச்சு 10-ஆம் நாள் டாக்டர் ஜே. பி. வாக்கர் என்பார் 200 கைதிகளுடன் அங்கே வந்திறங்கினார். காட்டை வெட்டியவரும், சதுப்பு நிலத்தைத் தூர்த்தவரும், சாலை சமைத்தவரும் கைதிகளே. பின்னர் 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்டதே தனிக்கொட்டடிச் சிறை எனப்படும் செல்லுலார் சிறை. நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து ஏழு திசைகளில் ஏழு கிளைகள். ஒவ்வொரு கிளையும் மூன்று மாடி. மொத்தம் ஏறத்தாழ 700 கொட்டடிகள். ஒரு கொட்டடியிலிருப்பவன் எதிரிலுள்ளவன் முகத்தைக் காண இயலாதவாறு அக்கிளைகளை அமைத்தனர். அந்தச் செங்கல்லைச் சுமந்து சுவரெழுப்பியவரும் கைதிகளே!

இத்துணைப் பேரைக் காப்பதற்கு ஆள் வேண்டாவா? ஏழு கிளை, மூன்று மாடி என்றால், தாழ்வாரத்திற்கு ஒருவராக வைப்பினும் ஒரே வேளையில் 21 பேர் விழித்திருத்தல் வேண்டும். சிறைக்கு வெளியேயும் தீவெங்கும் கைதிகள் கூட்டங் கூட்டமாய் வேலை செய்தனர். 1901-இல் அக்குடியிருப்பில் இருந்த கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். ஆங்கிலேய அலுவலரோ சிலர். படைவீரரும் போலீசாரும் இருந்தனர். ஆயினும் ஒவ்வொரு கைதியையும் நாள் முழுதும் கண்காணிக்க அவர்கள் போதார். அரசு கண்ட வழி மிக எளிது. கைதிகளுட் சிலரையே எடுத்துக் கைதிகளுக்குக் காவலராக்கிற்று.

இவ்வழி அந்தமானில் பிறந்ததன்று. அதற்கு முன்னரே சிங்கப்பூரில் பழகியது. 1825-இல் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு இந்தியக் கைதிகளை மாற்றியபோது, முதலில் வந்திறங்கியவர் சென்னை மாகாணத்துக் கைதிகளே ஆவர். அக்கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தனர். நன்னடத்தை உடையோர் படிப்படியாக ஏறி, இரண்டாம் வகுப்பில் பிற கைதிகளை மேற்பார்க்கும் சிற்றதிகாரிகள் ஆயினர். சிங்கப்பூரின் புனித ஆண்டுரு பேராலயத்தைக் கட்டிய கைகள் அவர்களுடையவை. அங்கே சிறை மேலாளராய் இருந்த மேஜர் மக்நேர் என்பார் 1899-இல் எழுதிய நூலுக்கு இட்ட பெயரே, 'கைதிகளே தமக்குக் காவலர்' என்னும் பொருள்படுவது. 1873-இல் அச்சிறை கலைந்தபோது எஞ்சியோர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். கைதிகளோடு அம்முறையும் கடல் கடந்து வேரூன்றியது எனலாம்.

அந்தமானில் ஓர் ஆயுட்கைதியின் வாழ்க்கை ஏணிப்படி போன்றது. வந்த முதல் ஆறு மாதம் தனிக்கொட்டடி. அடுத்த பதினெட்டு மாதம் பிறரோடு கூடிய கடுஞ்சிறை. அதன்பின் மூன்றாண்டு, பகலெல்லாம் காவலின்கீழ் வேலையும், இரவில் பூட்டிய கொட்டகையும். ஐந்தாண்டு இவ்வாறு கழிந்த பின்னரே மேற்பார்வைப் பணிகளுக்கு அவன் தகுதி பெறுவான். வார்டர், பெட்டி ஆபீசர், திண்டல், ஜமேதார் என அப்பணிகள் படிப்படியாக உயரும். இவற்றுள் 'திண்டல்' என்பது நம் கடற்கரையோர்க்குப் பழகிய 'தண்டல்' என்னும் சொல்லே. தோணியாட்களின் தலைவனைக் குறித்த சொல் சிறையாட்களின் தலைவனைக் குறிக்க வந்தது. பத்தாண்டு நிறைந்தால் சீட்டுப் பெற்றுத் தனியே குடிசை போட்டு, நிலத்தை உழுது, மாடு வளர்த்து வாழலாம். அப்போதும் அவன் விடுதலை பெற்றவன் அல்லன். தீவை விட்டு நீங்க அவனுக்கு உரிமையில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டு கழிந்த பின்னரே முழு விடுதலை.

அன்பர்களே! இங்கே ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். கழுத்தில் இரும்பு வளையமும் மரச் சீட்டும் தொங்க வந்தவன் அவன். அச்சீட்டில் அவன் எண்ணும், தண்டனைப் பிரிவும், விடுதலை நாளும் பொறித்திருக்கும். ஐந்தாண்டு மாடுபோல் உழைத்த அவன் கையில் ஒருநாள் ஒரு தடியைக் கொடுத்து, "இனி நீ காவலன்" என்றால் அவன் மனநிலை எங்ஙனம் இருக்கும்? நேற்றுத் தன்னோடு கயிறு திரித்தவனை இன்று அதட்ட வேண்டும். அதட்டாவிடில் தடியும் போகும். சீட்டுப் பெறும் நாளும் தள்ளிப் போகும். தன் குடும்பத்தை வருவித்துக்கொள்ளும் கனவும் கலையும். தன் விடுதலைக்குப் பிறன் துன்பத்தை விலையாக வைத்த சூழ்ச்சி அது. அரசுக்குச் செலவு மிச்சம். கைதிகளுக்குள் ஒற்றுமையும் இல்லை. ஒரு கல்லில் இரு மாங்காய்!

அந்தத் தடி செய்த கொடுமையை யாம் மறைக்க வரவில்லை. அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்று 1909-இல் சென்ற பாரீந்திர குமார் கோஷும், 1911-இல் சென்ற விநாயக தாமோதர சாவர்க்கரும் தத்தம் சிறை வாழ்க்கையை நூலாக எழுதியுள்ளனர். டேவிட் பாரி என்னும் ஜெயிலரின் ஆட்சியில் வார்டர்களும் பெட்டி ஆபீசர்களும் நடத்திய கொடுமைகள் அந்நூல்களில் நிறைந்துள்ளன. தேங்காய் மட்டையைத் தட்டி நார் எடுத்தல், செக்கிழுத்தல் ஆகிய வேலைகளில் குறித்த அளவு குறைந்தால் ஏச்சும் அடியும் விழும். செக்கிழுத்தல் என்றவுடன் நம் நெஞ்சில் வ. உ. சிதம்பரனார் தோன்றுகின்றார் அன்றோ? 1908-இல் அவருக்கு முதலில் விதித்த தண்டனையும் நாடு கடத்தலே. மேல்முறையீட்டில் அது குறைந்தமையால் அவர் அந்தமான் செல்லவில்லை. கோவைச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அடைபட்டார். பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் உள்ள அவ்விரு சிறைகளும் நமக்கு அண்மையிலுள்ளவை. தீவுச் சிறையில் வங்காளத்து இளைஞர் இழுத்த செக்கையே கோவையில் நம் சிதம்பரனார் இழுத்தார்.

ஆயினும் எல்லா வார்டரும் ஒரே தன்மையர் அல்லர். கண்காணிப்பை மீறி ஒருவர் எழுதிய சிறு துண்டை மற்றவரிடம் சேர்த்தவரும், அதிகாரி அறியாமல் ஆறுதல் கூறியவரும் அவர்களுள் இருந்தனர் என்பதற்கும் அதே சிறை நூல்களே சான்று. கொடுமை செய்தவனும் இரங்கியவனும் ஒரே வரிசையில் நின்றனர். ஒரே பெயரேட்டில் பதிவாயினர். ஏட்டைப் பார்த்து இருவரையும் வேறு பிரித்தல் இயலாது. அந்த வேறுபாட்டைக் காத்து வைக்கக் கூடியது குடும்பத்தின் நினைவு ஒன்றே.

சரி, குடும்பம் என்பது அங்கே எவ்வாறு உண்டாயிற்று? இக்கதையின் உயிர்நிலை இதுவே. நாடு கடத்தப்பட்டோருள் பெண்களும் இருந்தனர். பெண்கைதி ஐந்தாண்டு பெண்கள் சிறையில் கழித்தபின் மணம் புரிந்துகொள்ள இசைவு பெறுவாள். பதினைந்தாண்டு நிறைந்தால் அவளுக்கு விடுதலை. வார்டராகவும் திண்டலாகவும் இருந்து சீட்டுப் பெற்ற ஆடவன் ஒருவனும், ஐந்தாண்டு நிறைந்த பெண்ணொருத்தியும் அதிகாரியின் இசைவோடு மணந்து குடிசையில் குடியேறுவர். ஊரும் உறவும் கூட்டி நடத்திய மணம் அன்று அது. அவன் பஞ்சாபினன்; அவள் வங்கத்தினள். அவன் ஒரு சாதி. அவள் மற்றொரு சாதி. இருவர் தாய்மொழியும் வெவ்வேறு. அடுப்பங்கரையில் இருவரும் பேசிய கலப்பு இந்துஸ்தானியே பிள்ளைகளுக்குத் தாய்மொழி ஆயிற்று. நாட்டில் ஆயிரம் ஆண்டாய் அசையாத சாதிக் கட்டு, சிறைத்தீவில் ஒரு தலைமுறையில் தளர்ந்தது. கைதிகளின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியும் அங்கே கட்டாயம் ஆக்கப்பட்டது. நம் நாட்டில் பெரும்பாலான ஏழைப் பிள்ளைகள் பள்ளி வாயிலைக் காணாத காலம் அது என்பதை மறவாதீர்கள்.

அப்பிள்ளைகளை 'உள்ளூரிற் பிறந்தோர்' என்று அழைத்தனர். அவர்கள் எக்குற்றமும் செய்யாதவர். எனினும் குற்றவாளியின் பிள்ளை என்னும் நிழல் அவர்களைத் தொடர்ந்தது. காவல் புரிந்தவனின் மகனும் காவலில் கிடந்தவனின் மகளும் மணம் புரிந்தனர். இரண்டு தலைமுறைக்குப் பின் ஒரு வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஒரு பாட்டன் தடி பிடித்தவன்; மற்றொரு பாட்டன் அடி வாங்கியவன். அக்குழந்தை எப்பாட்டனை வெறுக்கும்? எப்பாட்டனைப் போற்றும்? இரண்டு இரத்தமும் ஒரே உடலில் ஓடுகையில் தீர்ப்புக் கூறுதல் எளிதன்று.

இக்குடும்பங்களுக்கு வந்த பேரிடர் இன்னும் ஒன்றுண்டு. 1942 மார்ச்சு 23-ஆம் நாள் ஜப்பானியப் படை தீவைக் கைப்பற்றியது. எவருடைய பாட்டன்மார் அச்சிறையின் கதவைப் பூட்டித் திறந்தனரோ, அவர்களுட் பலர் ஒற்றர் என்னும் ஐயத்தால் அதே கொட்டடிகளில் அடைபட்டனர். 1944 சனவரி 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சு என்னுமிடத்தில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பட்டினியும் நோயும் வேறு. 1945 அக்டோபரில் ஆங்கிலேயர் மீண்டபோது கைதிக் குடியிருப்பு முறை ஒழிந்தது. நாடு திரும்ப விரும்பியோர் திரும்பினர். பலர் திரும்பவில்லை. எங்கே திரும்புவது? நாட்டில் அவர்களுக்கு ஊர் இல்லை. ஊரில் உறவு இல்லை. தீவே தாயகம் ஆயிற்று.

இன்று அச்சிறையில் மூன்று கிளைகளே எஞ்சியுள்ளன. 1979 பிப்ரவரி 11-ஆம் நாள் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. விடுதலை வீரர்களின் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. போர்ட் பிளேர் என்னும் நகரின் பெயரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என மாறிவிட்டது. கல்லில் வார்டரின் பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்று யாமும் கூறோம். ஆனால் அந்நகரத் தெருக்களில் அவனுடைய கொள்ளுப் பேரர்கள் ஆசிரியராகவும் வணிகராகவும் அலுவலராகவும் நடமாடுகின்றனர். 1942-க்கு முன் தீவில் குடியிருந்தோரின் வழியினர் இன்று அங்கே பிற்படுத்தப்பட்ட வகுப்பினராக ஏற்கப்பட்டுள்ளனர். விந்தை பாருங்கள்! பாட்டன் கைதியாய் வந்தான் என்பதை ஒரு காலத்தில் மறைத்த வீட்டில், அதற்குரிய சான்றைப் பெட்டியில் பேணி வைக்கும் காலம் வந்தது. வெட்கமாய் இருந்த வரலாறே உரிமைக்கு வேராயிற்று.

தென்னாப்பிரிக்காவில், கேப் நகருக்கு எதிரேயுள்ள ராபன் தீவின் கதை சற்று வேறு. அங்கே வார்டர்கள் கைதிகள் அல்லர். அரசு ஊதியம் பெற்ற வெள்ளையர். குடும்பத்தோடு தீவிலேயே வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்குத் தீவிலேயே பள்ளி இருந்தது. நெல்சன் மண்டேலா 1964 முதல் 1982 வரை அங்கே அடைபட்டிருந்தார். 1997-இல் அச்சிறை அருங்காட்சியகம் ஆனபோது, முன்னாள் கைதிகளோடு முன்னாள் வார்டர் சிலரும் அங்கே பணி ஏற்றனர். 1994-இல் தாம் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற விழாவிற்கு, தம்மைக் காவல் புரிந்த வார்டரையும் மண்டேலா அழைத்திருந்தார். நடந்ததை மறந்து அழைத்தார் அல்லர்.

இனி, நம் குடும்பங்களின் உறவுக்கு வருவோம். தீவைப் பற்றிக் கேட்டுவந்த உங்களுட் சிலர்க்கு, நம் மலைத் தோட்டத்துக் கங்காணி நினைவுக்கு வந்திருப்பார். தோட்டம் சிறை அன்று. நம் முன்னோர் எக்குற்றமும் செய்து மலையேறியவர் அல்லர். பசியே அவர்களை ஏற்றியது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளில் மழை பொய்த்த காலத்தில், முன்பணம் கொடுத்து ஆள் திரட்டியவர் கங்காணி. போடி மெட்டு வழியாகவும், கம்பம் குமுளி வழியாகவும், உடுமலையிலிருந்து சின்னாறு வழியாகவும் அவரே அழைத்து வந்தார். விடியலில் பிரட்டுக்கு நிறுத்திப் பெயர் கூப்பிட்டவரும் அவரே. தம் ஆட்களின் கூலியில் கழிவு பெற்றவரும் அவரே. முன்பணம் தீராமல் தோட்டத்தை விட்டுச் சென்றால் குற்றமாகக் கொண்டு தண்டிக்க 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறற் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. திருவிதாங்கூரிலும் அதனையொத்த சட்டம் இருந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் இம்முறை எத்துணைக் கொடியதாய் இருந்தது என்பதை, டாக்டர் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் காட்டிற்று. இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கியுள்ளார்.

கங்காணியும் நம்மவரே. அதே சீமையிலிருந்து, அதே பேச்சோடு, பல வேளைகளில் அதே ஊரிலிருந்து வந்தவர். துரைக்கு நம்மொழி தெரியாது. நமக்குத் துரை மொழி தெரியாது. இடையே நின்றவர் அவர். ஆள் குறைந்தால் துரையின் சினத்திற்கு ஆளாகி, கொடுத்த முன்பணத்திற்கும் அவரே பொறுப்பாவார். சிலர் பிள்ளைபோல் ஆட்களைக் காத்தனர். பிரசவத்திற்கும் சாவுக்கும் முன்னின்றனர். சிலர் தடியும் வட்டியுமாக வாட்டினர். நம் லயங்களிலும், பின்னர் எழுந்த இலட்சம் வீட்டுக் காலனிகளிலும் இருவகையாரின் வழியினரும் இன்று அடுத்தடுத்த வீட்டில் வாழ்கின்றோம். திருமணத்தில் ஒன்றாய் உண்கின்றோம். ஆனால் அந்தப் பழங்கதையை எவரும் எடுப்பதில்லை. கங்காணி வீட்டார் பெருமையை மட்டும் கூறுவர். ஆள் வீட்டார் துன்பத்தை நெஞ்சிலேயே புதைத்துக்கொள்வர். இந்த மௌனத்தால் நாம் இழப்பது பெரிது.

என்ன இழக்கின்றோம்? முதலாவது, உரிமை. பட்டியல் சாதியினரைக் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்டு 10. வேற்று மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தோர், தம் முன்னோர் அந்நாளிலேயே இங்கு நிலையாய்க் குடியிருந்தனர் என்று காட்டினாலன்றி, இம்மாநிலத்தில் அச்சாதிச் சான்று பெறுதல் அரிது. கல்லூரிக்குச் செல்ல வேண்டிய பிள்ளை, பாட்டனின் பெயர் எந்தத் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது என்று தேடி அலைகின்றது. நூறாண்டு கொழுந்து பறித்த குடும்பம், தான் இங்கே இருந்ததற்குச் சான்றின்றி நிற்கின்றது! அந்தமானின் கைதிக்கு ஓர் ஏட்டில் ஒரு வரியேனும் இருந்தது. குற்றமற்ற நம் பாட்டனுக்கு அவ்வொரு வரியும் இல்லையேல் அது யாருடைய இழுக்கு? அலுவலகங்கள் மனமிரங்க வேண்டும். சட்டமும் திருந்த வேண்டும். அவற்றுக்காகச் சங்கம் குரல் கொடுக்கும். எனினும், குரலுக்கு வலிமை தருவது எழுதி வைத்த சான்றே.

இரண்டாவது, நினைவு. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் மாண்டன. குடும்பம் குடும்பமாக மண்ணுக்குள் போயினர். அவர்களோடு அவர்தம் பாட்டிமார் சொன்ன கதைகளும், தகரப்பெட்டியிற் கிடந்த பழைய தாள்களும் போயின. மழைக்காலந்தோறும் அஞ்சி வாழும் நமக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமோ?

மூன்றாவது, நம்மிடையேயுள்ள மனக்கசப்பு. பேசப்படாத கசப்பு மறைவதில்லை. தலைமுறை தாண்டிப் பெண் கேட்கும்போதும், சங்கத் தேர்தலின்போதும், குழாயடியிலும் தலைகாட்டுகின்றது. தடி பிடித்தவர் யார், அதை அவர் கையில் கொடுத்தவர் யார், அடி வாங்கியவர் யார் என்பவற்றை ஒருங்கே எழுதினால், குற்றத்தின் பங்கு உரியவரைச் சேரும். கங்காணியின் பேரன் தன் பாட்டன் செய்த கொடுமைக்குப் பொறுப்பாளி அல்லன். ஆனால் அதைக் கேட்கும் பொறுமை அவனுக்கு வேண்டும். ஆளின் பேரனும் தன் பாட்டன் பட்ட துன்பத்தைச் சொல்லும் உரிமையுடையவன். கேட்பவனைப் பகைவனாக்காமல் சொல்லும் பண்பு அவனுக்கு வேண்டும். தீவுக் குடும்பங்கள் மணவுறவால் ஒன்றாயின. நாம் சொல்லுறவாலேனும் ஒன்றாகலாம்.

ஆகவே, இவ்வவையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். முன்னோர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எவ்வழியாக, எந்தக் கங்காணியின் கூட்டத்தில் வந்தனர் என்று எழுதுங்கள். எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவில் இருந்தனர் என்று குறியுங்கள். கொள்ளுப் பாட்டனின் பெயரோடு நில்லாது கொள்ளுப் பாட்டியின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். கொழுந்து பறித்த கை பெரும்பாலும் பெண்ணின் கை. ஏடுகளில் விரைந்து மறைவதும் அவள் பெயரே. மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பழைய கூலிச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகிய எதனையும் எறியாதீர்கள். படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். எழுத அறியாத முதியோரின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர் அழுதால் நிறுத்திவிட்டு மறுநாள் கேளுங்கள். புகழை மட்டும் எழுதாதீர்கள். பழியிருந்தால் அதனையும் எழுதுங்கள்.

இளைஞர்களே, இப்பணி உங்களுடையது. முதியோர் நினைவு மாலைநேரத்து வெயில் போன்றது. இருக்கும்போதே உலர்த்திக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் பாதிப் பக்கம் நம் குடும்ப வரலாறுகளுக்கென ஒதுக்கப்படுமாயின், அம்மலர் வாடாத மலராகும். கங்காணி வீட்டு வரலாறும் ஆள் வீட்டு வரலாறும் அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சேறட்டும்.



வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!